சீட்டு இல்லாதவர் நிற்கும் இடம்

கோவை விமான நிலையத்துக்கு வருகிறவர்களில் எங்கேயும் பறக்காதவர்கள் நிறையப் பேர். சார்ஜா விமானம் விடியுமுன் கிளம்புகிறது. வெளிநாட்டுப் பயணம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். அதனால் தாராபுரம், உடுமலை, கரூர்ப் பக்கத்து ஆட்கள் முந்தின ராத்திரியே சாப்பிட்டுவிட்டு வண்டியேறுகிறார்கள். பறக்கப்போவது ஒரு பையன். வேனில் வருவது அம்மா, அப்பா, அப்பாரு, தாய்மாமன், மாமன் மகன், பக்கத்துத் தோட்டத்து அண்ணன், மடியில் தூங்கி விழும் இரண்டு குழந்தைகள். வாசலில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படைக்காரர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்து ஒருவனை உள்ளே விடுகிறார். மற்ற எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

விமான நிலையம் என்றதும் ஓடுதளத்தின் நீளம், எத்தனை ஊருக்கு விமானம், விரிவாக்கம் எப்போது என்றுதான் நம் ஊரில் பேச்சு. தொழில் அமைப்புகளின் கூட்டத்திலும் தேர்தல் மேடையிலும் அதுவே. அது தேவையான பேச்சு. திருப்பூர் பனியன்காரருக்கும் கோவை பம்புசெட்காரருக்கும் ஒரு நேரடி விமானம் என்பது பிழைப்பு. ஆனால் வண்டியை எங்கே நிறுத்துவது, கூட வந்தவர்கள் எங்கே உட்காருவது, நடு ராத்திரியில் ஒரு கிழவிக்குக் கழிப்பறை எங்கே என்பதையெல்லாம் சில்லறை விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கென்னவோ ஓர் ஊரின் மனசு இந்தச் சில்லறையில்தான் தெரிகிறது.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புறப்பாட்டு வாசலில் வீசிக்கொண்டிருந்தது. கண்ணாடியை ஒட்டி ஒரு பெரியவர், தலையில் துண்டு. உள்ளே வரிசையில் பேரன். பெரியவருக்குப் பார்வை மங்கல் போல, பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்: "தம்பி, நீல பேக்கு மாட்டியிருக்கறது நம்ம பையன். தெரியறானுங்களா?" தெரியறானுங்க என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடி, "இன்னும் தெரியறானுங்களா?" வரிசை நகர்ந்தது. பெட்டியைப் போட்டுவிட்டுப் பையன் திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். நான் சொன்னதும் பெரியவரும் கையாட்டினார், கொஞ்சம் வேறு திசையில். பையன் பாதுகாப்புச் சோதனைக்குப் போய் மறைந்த பிறகும் அவர் நகரவில்லை. மருமகள் வந்து, "மாமா, உக்கோருங்க" என்றாள். உட்காரும் இடத்தைச் சுற்றுமுற்றும் தேடிவிட்டுத் தூக்குப்போசியைத் தரையில் வைத்துத் தானும் நடைபாதை விளிம்பில் குந்தினார். இறங்கும் வண்டிகளின் புகை அவர் முகத்துக்கு நேரே வந்தது.

அவருக்கு யாரும் தீங்கு செய்யவில்லை. காவலர் மரியாதையாகத்தான் பேசினார். நம் நாட்டில் பெரும்பாலான விமான நிலையங்களில் காட்சி இதுதான். விமான நிலையம் கட்டுகிற கணக்கில் அவர் இல்லை, அவ்வளவுதான். ஆண்டுக்கு எத்தனை லட்சம் பயணிகள் என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் பயணிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் முனையத்தின் பரப்பு, நாற்காலி, கழிப்பறை, குடிநீர்க் குழாய் எல்லாம் தீர்மானமாகிறது. வழியனுப்ப வந்தவருக்கு அந்தக் கணக்கில் பெயரில்லை. எண்ணப்படாதவருக்கு நாற்காலி வருவதில்லை.

வாசலில் அவர் நிலை இது என்றால், வண்டியோட்டி வந்தவர் நிலை வேறு. ஏற்றி இறக்கச் சில நிமிடங்கள் இலவசம், தாண்டினால் கட்டணம். இந்திய விமான நிலைய ஆணையம் தன் நிலையங்களில் வாகன நிறுத்தத்தைப் பெரும்பாலும் டெண்டர் விட்டு ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கிறது. அவர் ஆணையத்துக்குக் கட்ட வேண்டிய தொகை பெரிது. அதை வண்டிகளிடமிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே நிமிடக் கணக்கு கறாராகிறது. உலகெங்கும் விமான நிலையங்களின் வருமானத்தில் விமானங்கள் தருவது ஒரு பங்குதான். கடை வாடகை, விளம்பரப் பலகை, வண்டி நிறுத்தம் ஆகியவை மற்றொரு பெரும் பங்கு. இது வணிகத்தின் நியாயம். இடத்துக்கு மதிப்பு உண்டு. இலவசமாக விட்டால் நாலு நாள் வண்டியைப் போட்டுவிட்டு மும்பை போய் வருகிறவர்களால் இடம் அடைந்துபோகும். கட்டணம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த ரசீதுக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பையனைக் கொஞ்சம் பாருங்கள். சின்ன வயசு. எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ புகைக்கு நடுவே வேலை. மாமியாரை இறக்கிவிடச் சக்கர நாற்காலிக்குக் காத்திருந்ததில் ரெண்டு நிமிடம் கூடிப்போனவர் அவனைத்தான் திட்டுகிறார். விமானம் தாமதமானதால் காசு கூடியவரும் அவனைத்தான் திட்டுகிறார். விதியை எழுதியவர் அங்கே இல்லை. அவனால் ரெண்டு நிமிடத்தை விட்டுக்கொடுக்கவும் முடியாது, இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். மனிதரின் தளர்ச்சிக்கு இடம் வைக்காமல் விதி செய்தால் கடைசியில் ஏழை ஒருவனை இன்னோர் ஏழை திட்டுவதில் வந்து முடிகிறது.

இதைத் தவிர்க்க ஓட்டுநர்கள் கண்டுபிடித்த வழி எல்லா ஊரிலும் ஒன்றே. விமானம் இறங்கிப் பெட்டி வந்து ஆள் போன் செய்கிற வரை உள்ளே நுழைவதில்லை. வெளியே சாலையோரம், மர நிழலில், டீக்கடைப் பக்கம் நிறுத்திக் காத்திருக்கிறார்கள். போக்குவரத்துக் காவலர் வந்து விரட்டுவார். நூறடி நகர்ந்து மறுபடி நிறுத்துவார்கள். அமெரிக்காவில் 2001 பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புக் கெடுபிடி கூடி முனைய வாசலில் வண்டி நிற்கவே கூடாதென்று ஆனபோது அங்கேயும் இதே கூத்து நடந்தது. சாலையோரம் முழுக்க வண்டிகள், சும்மா வட்டமடிக்கும் வண்டிகள். அவர்கள் செய்த தீர்வு எளிது. முனையத்திலிருந்து சில நிமிடத் தொலைவில் ஒரு திறந்த மைதானம் ஒதுக்கி, வண்டியைவிட்டு இறங்காமல் இலவசமாகக் காத்திருங்கள், போன் வந்ததும் கிளம்பி வாருங்கள் என்று பலகை வைத்தார்கள். செல்போன் லாட் என்று பேர். பெரிய கட்டடம் இல்லை, இயந்திரம் இல்லை. காத்திருக்கிறவரும் ஒரு மனிதர், அவருக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

இப்படி நினைப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கொங்கு நாடு வழிப்போக்கர் நாடு. மேற்கே மலைத்தொடர் முறிந்து பாலக்காட்டுக் கணவாய் திறப்பதால் சேரக் கடற்கரைக்கும் சோழ மண்டலத்துக்கும் நடுவே போகிற வணிகம் இந்த வழியாகத்தான் போயிற்று. கொடுமணலில் செய்த கல்மணிகளும், இந்தப் பக்கம் தோண்டத் தோண்டக் கிடைத்த ரோமானியக் காசுகளும் அதற்குச் சாட்சி. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் ராஜகேசரிப் பெருவழி என்று சாலைக்குப் பேர் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது, தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும். பெருவழியின் பெயரோடு அங்கே வெட்டியிருக்கும் வெண்பா பேசுவது அரசனின் நிழலைப் பற்றி. வெயிலில் நடந்தவர்களுக்குத் தெரியும், ஒரு சாலையில் அரசன் தரக்கூடிய பெரிய வரம் எதுவென்று.

பாலக்காட்டுச் சாலையில் கந்தேகவுண்டன்சாவடி இருக்கிறது. பொள்ளாச்சிச் சாலையில் ஒத்தக்கால்மண்டபம் இருக்கிறது. சாவடியும் மண்டபமும் ஊர்ப் பெயராகவே நின்றுவிடுகிற அளவுக்கு வழிப்போக்கர் தங்குமிடம் இங்கே முக்கியம். மாட்டுவண்டி காலத்தில் சந்தைக்கு வந்த வண்டிகள் அவிழ்த்துவிட வண்டிப்பேட்டை இருந்தது. மாட்டுக்குத் தொட்டித் தண்ணீர், ஆளுக்குக் கிணறு, தலைசாய்க்கத் திண்ணை. வண்டி நிற்கிற இடமும் வண்டியில் வந்த ஆளும் மாடும் சேர்ந்து இளைப்பாறுகிற இடமும் ஒன்றாகவே இருந்தது. சித்திரை பிறந்தால் தண்ணீர்ப் பந்தல். பானை நீரும் நீர்மோரும். குடித்தவரின் பேர் என்ன, ஊர் எது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இவற்றில் என் மனசைவிட்டு அகலாதது சுமைதாங்கிக் கல். பழைய சாலைகளின் ஓரம் இன்னும் சில இடங்களில் மிச்சமிருக்கிறது. இரண்டு கற்கள் நட்டு, குறுக்கே ஒரு கல் கிடத்தியது. பார்த்தால் ஒன்றுமில்லை. பக்கத்தில் போய் நின்று பாருங்கள்: குறுக்குக்கல் ஏறக்குறைய நெஞ்சு, தோள் உயரத்தில் இருக்கும். காரணம் உண்டு. தலையில் மூட்டை சுமந்து வருகிறவர் தனியாள் என்றால் அதைக் கீழே இறக்கிவிடலாம். ஆனால் மறுபடி தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும். ஆளில்லாத சாலையில் யாரைக் கூப்பிடுவது? அந்த உயரத்தில் கல் இருந்தால் லேசாக முழங்காலை மடக்கிச் சுமையைக் கல்லுக்குத் தள்ளிவிடலாம். மூச்சு வாங்கி, வியர்வை துடைத்து, பிறகு தலையைக் கொடுத்துத் தானே தூக்கிக்கொண்டு போகலாம். யாரையும் கெஞ்ச வேண்டாம்.

வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது வழக்கமாக இருந்தது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு ஒருத்தி போய்விட்டாள். இனி இந்த வழி வருகிற யாராவது தன் சுமையை இறக்கட்டும், அவளுக்கு அது சேரும் என்று குடும்பம் நினைத்தது. தன் வீட்டுத் துயரத்தை முகம் தெரியாத ஒருவரின் இளைப்பாறலாக மாற்றிய ஜனங்கள் இவர்கள். இதைவிட உயர்ந்த பொதுப்பணி எதையும் நான் அறியேன்.

மாடு தன் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சிக் கல் என்று ஒன்றும் நட்டார்கள். முப்பத்திரண்டு அறங்களில் அதையும் சேர்த்தே எண்ணினார்கள். வாய் திறந்து கேட்கவே முடியாத உயிரின் அரிப்பை ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

விமான நிலையத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு இதுதான்: கேட்பதற்கு முன்பே, ஏன், கேட்கத் தெரியாதவருக்கும் கிடைக்கிறதா என்பதுதான் எந்த வசதிக்கும் உரைகல். இந்த உரைகல்லில் நம் நிலையங்களை உரசிப் பாருங்கள். சக்கர நாற்காலி இருக்கிறது. நடக்க முடியாதவருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆனால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். முதன்முதலாக மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிற கிராமத்து அம்மாவுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் கேட்கமாட்டார். "நாம என்ன நோயாளியா சாமி, நடந்துக்குவேன்" என்பார். முழங்கால் வலியோடு அத்தனை தூரமும் நடப்பார்.  கேட்கக் கூசி வசதியை விட்டுவிடுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர்.

முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும் டிஜியாத்ரா கோவைக்கு 2024 செப்டம்பரில் வந்தது. கைபேசியில் பழகியவர்களுக்கு நல்ல வசதி, வரிசை குறைகிறது. கைபேசியில் பச்சைப் பொத்தானைத் தவிர வேறெதையும் தொடாத ஒருவர் பழைய வரிசையில்தான் நிற்க வேண்டும். விரைவாகப் போகிறவரை இன்னும் விரைவாக அனுப்ப நாம் நிறைய யோசிக்கிறோம். மெதுவாகப் போகிறவருக்கு யோசிப்பது குறைவு. அவிநாசி சாலையிலும் அதேதான் பார்க்கிறேன். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தை 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடுவின் பெயரோடு திறந்தார்கள். ஊர்ந்த தூரம் பறக்கிற தூரமாகிவிட்டது, மகிழ்ச்சி. கீழே, விமான நிலையத்துக்குத் திரும்பும் சித்ரா நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முனையம் வரை நடக்கிறார். நடுவே நின்று இளைப்பாற அவருக்கு ஒரு கல்கூட இல்லை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றைப் பேருந்தில் தொழில் தொடங்கியவர் ஜி.டி. நாயுடு. பேருந்தில் வருகிறவரை அவர் பெயர் தாங்கிய பாலம் மறந்துவிடக் கூடாது.

டீ விலை பற்றியும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. விமான நிலையத்தில் ஒரு டீக்குக் கொடுக்கிற காசில் வெளியே ஒரு வேளை சாப்பாடு முடிந்துவிடும் என்ற மனக்குறை நாடாளுமன்றம் வரை போனது. 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் உடான் யாத்ரி கஃபே என்ற மலிவு விலைக் கடையைத் திறந்தார்கள். டீ 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய், காபி 20, சமோசா 20. நல்ல காரியம். முடியும் என்று தெரிந்துவிட்டது. இனி முடியாது என்று எந்த நிலையமும் சொல்ல முடியாது.

பக்கத்து ஊர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சென்னையில் 2022 டிசம்பரில் 2,000-க்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும் அடுக்குமாடி வாகன நிறுத்தம் வந்தது. இடப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் டாக்சி பிடிக்க அங்கே போக வேண்டும் என்றானதும், கைக்குழந்தைக்காரர்களும் வயதானவர்களும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிற தூரம் பெரிய புகாராயிற்று. பேட்டரி வண்டிகள் விட்டார்கள். கார் நிற்க யோசித்த அளவு, காருக்கு நடந்துபோகிற மனிதரை யோசிக்கவில்லை. கொச்சியில் வேறு மாதிரி. வெளிநாட்டு மலையாளிகளின் பணமும் சேர்ந்து எழுந்து 1999-இல் திறந்த அந்த நிலையம் 2015-இல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் முதல் விமான நிலையமானது. அங்கே கார் நிறுத்தத்தின் ஒரு பகுதிக்கு மேலேயே சூரியத் தகடுகளைக் கூரையாக வேய்ந்திருக்கிறார்கள். மேலே மின்சாரம், கீழே நிழல். சித்திரை வெயிலில் திறந்த வெளியில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கிற நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை உண்டா? பாலக்காட்டுக்காரர் கோவையா கொச்சியா என்று முடிவெடுக்கும்போது டிக்கெட் விலையை மட்டும் பார்ப்பதில்லை.

சிங்கப்பூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோவையிலிருந்து நேரடியாகப் போகிற ஊர். சாங்கி நிலையத்தில் டிக்கெட் இல்லாதவரும் முனையத்துக்குள் போகலாம், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து விமானம் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். 2019-இல் திறந்த ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியை ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு பார்க்க வருகிறார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அந்த நிலையத்தில் வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். அத்தனை செல்வம் நமக்கில்லை என்று சொல்லலாம். அருவி நான் கேட்கவில்லை. கேட்பது ஒரு பெஞ்சு, ஒரு கூரை, ஒரு கண்ணாடி.

கோவை நிலையத்தின் கதையே ஒரு நீண்ட காத்திருப்பின் கதைதான். 1940-இல் பீளமேட்டில் சிறிய விமானத் திடலாகத் தொடங்கியது. 1980-களில் ஜெட் விமானங்களுக்காக ஓடுதளத்தை நீட்ட மூடியபோது சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து விமானங்கள் போயின. 1987-இல் மறுபடி திறந்தார்கள். 2012-இல் சர்வதேச நிலையம் என்ற தகுதி கிடைத்தது. இப்போதைய ஓடுதளம் 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை நீட்டவும் புதிய முனையம் கட்டவும் சிங்காநல்லூர், காளப்பட்டி, உப்பிலிபாளையம், இருகூர் பகுதிகளில் 600 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுக்கிற வேலை பத்தாண்டுக்கும் மேல் இழுத்தது.

அந்தப் பத்தாண்டைப் பற்றி நாம் பேசும்போது விமானம் தாமதமானது போலப் பேசுகிறோம். எடுப்பு அறிவிப்பில் மாட்டிய நிலத்துக்காரருக்கு அது வேறு. விற்க ஆள் வரமாட்டார். வங்கி கடன் தரத் தயங்கும். மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் மேலே ஓர் அறை கட்டலாம் என்றால், இடிக்கப்போகிற வீட்டில் எதற்கு என்று மனசு வராது. தென்னங்கன்று நடலாமா வேண்டாமா என்றுகூட முடிவு செய்ய முடியாத காத்திருப்பு அது. கடைசியில் கொடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் விமானத்தில் ஏறுவார்கள் என்று தெரியாது. ஏறாதவர்கள் கொடுத்த மண்ணில்தான் ஏறுகிறவர்களின் ஓடுதளம் நீளப்போகிறது. அப்படியிருக்க, டிக்கெட் இல்லையென்றால் வெளியே நில் என்பதோடு அந்த நிலையத்தின் கடமை முடிந்துவிடுமா?

பயணத்தைப் போகிறவருடையது என்று மட்டும் நினைப்பதில்தான் எல்லாப் பிழையும் தொடங்குகிறது. போகிறவர் நாளை காலையில் வேறொரு ஊரில் இருப்பார். புதிய இடம், புதிய வேலை, அது அவரைத் தாங்கிக்கொள்ளும். வழியனுப்பியவர் திரும்பிப்போய்க் காலியான கட்டிலைப் பார்ப்பார். ரெண்டு வருஷக் கான்ட்ராக்ட் என்றால் அந்த ரெண்டு வருஷத்தில் பாதிச் சுமை இவர் தோளில். பையனின் கடனுக்கு நகையை வைத்தவர், குழந்தைகளை வளர்க்கப்போகிறவர், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப்போகிறவர் எல்லோரும் வாசலுக்கு வெளியே நிற்கிறவர்களே. ஒருவர் பறக்கிறார் என்றால் பத்துப் பேர் தரையில் நின்று அவரைத் தாங்குகிறார்கள். அந்தப் பத்துப் பேரின் கடைசி அரைமணி நேரத்தை மரியாதையுள்ளதாக ஆக்குவது விமான நிலையத்தின் வேலைகளில் தலையாயது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதைச் சொல்ல எனக்குத் தைரியம் தருவதும் பீளமேடுதான். 1926-இல் இதே பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தைப் பிரித்தார்கள். பிரித்தது நான்காக இல்லை, ஐந்தாக. ஐந்தாவது பங்கை அறத்துக்கு வைத்தார்கள். பி.எஸ்.ஜி. அறநிலையம் அப்படித்தான் பிறந்தது. அதிலிருந்து பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்று வளர்ந்தது. பாகம் பிரிக்கிற வேளையில், அந்த வீட்டில் பிறக்காத, முகம் தெரியாத யாரோ ஒருவரும் பங்காளி என்று அந்த நாலு பேருக்கும் தோன்றியிருக்கிறது. அவர் வந்து கேட்கவில்லை, வழக்குப் போடவில்லை. கணக்கில் இல்லாதவரைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது என்பது இதுதான். சுமைதாங்கி நட்டவர்களின் மனசும் இதுதான். விமான நிலையம் இருக்கிற ஊரிலேயே இந்த மனசு நூறு வருஷமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை.

புதிய முனையத்துக்கு வரைபடம் போடப்போகிறவர்களுக்கும், அவர்களைக் கேள்வி கேட்கிற இடத்தில் இருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், தொழில் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். கடைகளுக்கும் சொகுசுக் கூடத்துக்கும் இடம் அளப்பதற்கு முன், டிக்கெட் இல்லாதவர்களுக்கு இடம் அளந்துவிடுங்கள். வாசலுக்கு வெளியே கூரை போட்ட ஒரு கூடம். ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் உள்ளே அடிக்காத கூரை. முதுகு சாய்க்கிற பெஞ்சுகள். சீட்டுக் கேட்காத கழிப்பறை. குடிதண்ணீர், பத்து ரூபாய் டீ. உள்ளே போன பிள்ளை கண்ணுக்கு மறைகிற வரை பார்க்கிற மாதிரி ஒரு கண்ணாடிச் சுவர், முடிந்தால் விமானம் கிளம்புவதைப் பார்க்க ஒரு மேடை. ஓட்டுநர்கள் வண்டியிலேயே காத்திருக்க இலவசத் திடல், அங்கே நிழலும் கழிப்பறையும். கட்டண நிறுத்தத்துக்கு மேலே சூரியத் தகட்டுக் கூரை. சக்கர நாற்காலியோடு வருகிறவருக்கு நிமிடக் கணக்கில் விலக்கு. சித்ரா நிறுத்தத்திலிருந்து முனையம் வரை ராத்திரியிலும் ஓடுகிற சிற்றுந்து. அது வரும் வரை நடக்கிறவருக்காக வழியில் பெட்டியை இறக்கி வைக்க நெஞ்சு உயரத்தில் ஓரிரு கல்மேடை. செலவு என்று பார்த்தால் ஓடுதளத்துக்கு ஆகிற தொகையில் இது துளி. ஆணையத்தால் ஆகாதென்றால், பேருந்து நிழற்குடைகளில் பேர் போட்டுக்கொள்ள முன்வருகிற நம் ஊர் ஆலைக்காரர்களையும் ஏற்றுமதியாளர்களையும் கேளுங்கள். பெற்றோர் நினைவாகக் கட்டித்தர ஆள் இருக்கிறார்கள். நிலம் வந்துவிட்டது. வரைபடம் முடிவாகிவிட்டால் பிறகு சேர்க்க முடியாது. இப்போதே கேளுங்கள்.